தாத்தா வைத்த தோப்பு



ஆதியாகமம் 21:33ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபிரகாம் பெயெர்செபாவில் தோப்பு வைத்த செய்தி அங்கே இருக்கிறது. அப்போது அவருக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஈசாக்கு பால்மறந்த சின்னப் பிள்ளை. எபிரெய மூலத்தில் ஒரு மரத்தின் பெயர்தான் இருக்கிறது. வறண்ட நிலத்தில் நிழல் தருகிற மரம். மரமோ தோப்போ, அந்த வயசுல ஒரு மனுஷன் யாருக்காக நடணும்?

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு 100 வயது. ஏசாவும் யாக்கோபும் பிறந்தபோது ஈசாக்குக்கு 60. ஆபிரகாம் மரித்தது 175ஆம் வயதில். அப்படியானால் அந்தத் தாத்தா பேரன்மாரோடு 15 வருஷம் இருந்திருக்கிறார்! எபிரெயர் 11:9லும் கூடார வாழ்க்கையில் யாக்கோபு அவரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம் சபையில் ஒரு பெரியவர் ரிட்டையர்டு ஆன கையோடு, சாத்தான்குளம் பக்கத்தில் தகப்பனார் விட்டுப்போன 60 சென்ட் நிலத்துக்குத் திரும்பியிருக்கிறார். முள்ளு மண்டிக் கிடந்த இடம். "கைப்பிரதி ஊழியத்துக்குப் போகலாமே, இந்த வயசுல மண்ணைக் கிண்டணுமா?" என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். மகனோ சென்னையிலிருந்து, "வித்துடுங்கப்பா" என்கிறார்.

பெரியவர் விற்கவில்லை. தூர்ந்துபோன கிணற்றைத் தூர் வாரினார். "எங்கய்யா வெட்டின கிணறு பாஸ்டர். பேரப்பிள்ளைக அதுல தண்ணியப் பாக்கணும்" என்றார். தகப்பன் நாட்களில் வெட்டின துரவுகளை ஈசாக்கு மறுபடியும் தோண்டி, பழைய பேரையே வைத்தானே (ஆதி. 26:18), அது ஊழியமா, உலகக் காரியமா? பேசுகிறவர்கள் யோசிக்கட்டும்.

மே லீவுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். வந்த அன்றைக்கே சிறுகீரை விதைக்க வைத்தார். 25 நாளில் பறித்துவிடலாம், ஊருக்குப் போகுமுன் அவர்களே சாப்பிடலாம். சின்னவன் மூன்றாம் நாளே முளைச்சிருக்கான்னு பாத்தியைக் கிளறிவிட்டான். தாத்தா திட்டவில்லை, மறுபடியும் ஒரு கை விதை கொடுத்தார். அதுதான் எனக்குப் பிடித்தது. பாத்தி அழகாக இருக்க வேண்டுமென்று எல்லாவற்றையும் தானே செய்கிற தாத்தாவிடம் பிள்ளை என்னத்தைக் கற்றுக்கொள்ளும்?

இப்போது தென்னை வைக்கப் போகிறார். நெட்டை ரகம். காய்க்க ஆறேழு வருஷம். எட்டு வயது மூத்தவன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிடுவான். லேவியராகமம் 19:23-25ல் புது மரத்தின் கனியை மூன்று வருஷம் தொடக்கூடாது. நாலாம் வருஷத்துக் கனி கர்த்தருக்கு. ஐந்தாம் வருஷம்தான் நட்டவனுக்கு. செல்போனில் விரல் வைத்ததும் எல்லாம் வருகிற காலத்துப் பிள்ளைக்கு இதை எந்த ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பார்கள்?

நிலத்துக்குத் திரும்ப நினைக்கிற மற்ற பெரியவர்களுக்கும் சில வார்த்தை. கிராஜுவிட்டி பணத்தை போர் போட்டே தீர்த்துவிடாதீர்கள். அம்மாமார் பெயரில் கொஞ்சம் போட்டு வைத்துவிட்டு மண்ணில் இறங்குங்கள். மும்முனை கரண்ட் ஞாயிறு காலையில் வருகிறது என்பதற்காக ஆராதனை நேரத்தை மாற்றச் சொல்லாதீர்கள் (சிரிக்க வேண்டாம், கேட்டிருக்கிறார்கள்).

முக்கியமானது, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல் பிள்ளைகளைக் கூட்டிப் போகக் கூடாது. தண்ணீர் இல்லாத பழைய போர் குழி இருந்தால் இன்றைக்கே நிரப்புங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், வீட்டுப் பக்கத்து நிலத்தில் இருந்த பழைய குழியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நாலு நாள் தமிழ்நாடே ஜெபித்தது. உயிரோடு மீட்க முடியவில்லை. குழி வெட்டி மூடாமல் விட்டவன், அதில் மாடு விழுந்தாலும் பதில் சொல்ல வேண்டும் என்பது யாத்திராகமம் 21:33-34ன் சட்டம். மாட்டுக்கே அப்படி!

பெரியவர் நிலத்தில் தென்னைக்குக் குழி எடுக்க வேண்டும். 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். குழிக்குக் குழி 25 அடி. வருகிற சனிக்கிழமை காலை 6 மணிக்கு வாலிபச் சகோதரர்கள் மண்வெட்டியோடு வந்துவிடுங்கள். குறை சொன்ன சகோதரர்களும் வரலாம், கஞ்சி உண்டு.