கை சுத்தம்

விட முடியாதவன் விடாமலேயே உயிரோடிருக்க வழி செய்து கொடுப்பது தர்மமா? போதைப் பழக்கம் பற்றிய நம் பேச்சு முழுவதும் விட்டவன், விடாதவன் என்ற இரண்டு முனைகளில் நின்றுவிடுகிறது. நடுவிலுள்ள காலம், அது பல வருஷங்களாக இருக்கலாம், ஓர் ஆயுளாகவும் இருக்கலாம், யார் கணக்கிலும் வருவதில்லை. மருத்துவத்தில் தீங்கு குறைத்தல் என்று சொல்லப்படுவது இந்த நடுக்காலத்தைப் பற்றிய யோசனைதான்.

ஸ்விட்ஜர்லாந்தில், ஸூரிச் நகரில் லிம்மட், ஸீல் என்ற இரு ஆறுகள் கூடும் முனையில் பிளாட்ஸ்பிட்ஸ் என்றொரு பூங்கா. ஜேம்ஸ் ஜாய்ஸுக்குப் பிடித்தமான இடம் என்பதால்தான் இலக்கிய வாசகனான எனக்கு முதலில் அதன் பெயர் தெரியவந்தது. 1980களின் இறுதியில் அங்கே ஹெராயின் பகிரங்கமாக விற்கப்பட்டது. பகிரங்கமாக ஊசி போட்டுக்கொண்டார்கள். அதற்குச் சற்று முன், எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த 1985ல், பழக்கத்துக்கு ஆட்பட்டவர்களுக்குப் புது ஊசி தரக்கூடாதென்று அம்மாகாண மருத்துவ அதிகாரம் தடை விதித்தது. பல டாக்டர்கள் தடையை மீறிக் கொடுத்தார்கள். தடை நிலைக்கவில்லை.

1992 பிப்ரவரியில் பூங்கா மூடப்பட்டது. கூட்டம் லெட்டன் என்ற உபயோகமற்ற ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது. 1995ல் அதையும் மூடினார்கள். இதற்கிடையில், 1994ல், வேறு சிகிச்சை எதுவும் பலிக்காதவர்களுக்கு மருத்துவ நிலையத்தில் நர்ஸின் கண்ணெதிரே அளந்த ஹெராயின் தரும் ஏற்பாடு தொடங்கியது. 2008ல் நாடு தழுவிய வாக்கெடுப்பில் 68 சதவீதம் பேர் இதைச் சட்டத்தில் இடம்பெறச் செய்தார்கள். இதே ஜனங்கள்தான் போதை முழு விலக்கை மட்டுமே ஏற்கும் யோசனையை 1997லும், எல்லாப் போதைப் பொருளையும் சட்டபூர்வமாக்கும் யோசனையை 1998லும், இரண்டையும் 70 சதவீதத்துக்கு மேல், நிராகரித்தவர்கள். இதைக் குழப்பம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஊசி கொடுப்பது பழக்கத்தை ஆமோதிப்பதாகும் என்பது எதிர்வாதம். ஆனால் எய்ட்ஸ் கிருமி ஹெராயினில் இல்லை. பலர் கைமாறிய ஊசியில் இருக்கிறது. புது ஊசி கிடைக்காததால் ஊசி கைமாறுகிறது. நாம் ஆமோதிக்காததால் புது ஊசி கிடைக்காமல் போகிறது. ஆக, அவன் உடம்பில் சேரும் தீங்கில் ஒரு பகுதி போதைப் பொருள் செய்வது, மறு பகுதி நம் தீர்ப்பு செய்வது. இரண்டையும் சேர்த்து அவன் வினை என்று பற்று எழுதிவிடுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. பட்டால்தான் திருந்துவான் என்கிறோம். செத்தவன் திருந்துவதில்லை.

நம் கண்டிப்பு இன்னும் தொடங்காதவனைக் காப்பாற்றக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காக, தொடங்கிவிட்டவனைத் தெருமுனை எச்சரிக்கைப் பலகையாக நட்டுவைக்க நமக்கு என்ன உரிமை?

வங்கி கவுண்ட்டரில் பணம் எடுக்க வருகிறவரிடம் எதற்கு என்று நான் கேட்பதில்லை. அது பெருந்தன்மையல்ல, எனக்கு அக்கறையில்லை, அவ்வளவுதான். அந்த மருத்துவ நிலையத்தில் ஏன் விடவில்லை என்று கேட்காமலிருப்பது வேறு. கேட்டால் அவன் மறுநாள் வரமாட்டான் என்று தெரிந்து, நாக்கு நுனிவரை வந்த உபதேசத்தை விழுங்கிக்கொள்வது அது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு மௌனமும் ஒன்றுபோலத் தோன்றும்.

இந்தத் தோற்றம் இங்கே வசதியாகப் பயன்படுகிறது. 2003லிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் என்ற அரசு நிறுவனத்தின் கையில். கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்று காரணம் சொல்லப்படுகிறது. கடைகள் திறந்திருக்கும்போதே, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. மலிவானதைத் தேடிப் போன ஏழைகள். விற்பனையைத் தீங்கு குறைத்தல் என்று சொல்ல நான் தயாரில்லை. சோதனை எளிது: வாங்குகிறவன் நாளை விட்டுவிட்டால் கொடுக்கிறவனுக்கு நஷ்டமா? ஸூரிச் நர்ஸுக்கு நஷ்டமில்லை. கஜானாவுக்கு உண்டு.

கை சுத்தம் என்பதை என் தொழிலில் பெரிதாகச் சொல்வார்கள். ஒழுக்கத்திலும் நாம் காப்பாற்றிக்கொள்ள நினைப்பது பெரும்பாலும் அதைத்தான் என்று தோன்றுகிறது: என் கையால் கொடுக்கவில்லை, எனக்குச் சம்பந்தமில்லை. 1985ல் தடையை மீறிய டாக்டர்கள் இந்தச் சுத்தத்தை விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் யாரையும் மீட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஊசி வாங்கியவன் மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். இது ஒரு வாழ்க்கையா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கவும் அவன் உயிரோடிருக்க வேண்டும். கேட்கும் முதல் உரிமையும் அவனுடையதுதான்.