பெருமாள் நீராடும் கடலுக்கு எது வரம்பு?

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். மீனவ மக்கள் அவரை மாப்பிள்ளையாகவே வரவேற்கிறார்கள். கும்பகோணத்தைத் தொட்டு வரும் அரசலாறு கலப்பதும் இந்தக் கரையோரக் கடலில்தான்.

புனித நீரை அழுக்கு தீண்டாது என்பார்கள். அப்படியானால் ஆற்றின் வழியே கடலைச் சேரும் கழிவுநீருக்கு வரம்பு எதற்கு? ஆனால் நீரை வணங்குகிறவருக்கு அதைக் காக்கும் கடனும் சேர்ந்தே வருகிறது.

சுத்திகரித்த கழிவுநீர் நீர்நிலையில் எவ்வளவு ஆக்சிஜனைக் குடிக்கும் என்பதைச் சொல்வது பிஓடி. 2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதன் வரம்பைப் பெருநகரங்களுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம், மற்ற பெரும்பாலான ஊர்களுக்கு 30 என வைத்தது. சிற்றூரின் ஆறு மட்டும் இளப்பமா? 2019 ஏப்ரல் 30 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதற்கும் 10 என்றது. அறத்தின்படி அதுவே சரி.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்கும்போது இன்னொரு சிக்கல். எடுத்துக்காட்டாக, 30 மில்லிகிராம் அளவில் நாளுக்கு 1 கோடி லிட்டர் வெளியேறினால் சுமை 300 கிலோ. 2 கோடி லிட்டரானால் 600 கிலோ. தாளில் வரம்பு மீறப்படவில்லை, கடலுக்கோ பாரம் இரட்டிப்பு.

எனவே விரிவாக்க அனுமதியில் மொத்தக் கிலோவுக்கும் உச்சவரம்பு எழுதப்பட வேண்டும். தீர்த்தவாரிக்குக் கூடும் பக்தர்களே அதை உரக்கக் கேட்க வேண்டும்.