கட்டணம் போக மிச்சம் இருப்பது

கிறிஸ்துவத் தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? நமக்குக் கல்யாணமே ஆகவில்லை, இதை ஏன் இப்பவே யோசிக்கணும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நம் அக்கா, அண்ணன் வீடுகளில் இந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னும் ஏழெட்டு வருஷத்தில் நம் முறை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். காம்பாரில் 1903இல் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளி, ஈப்போவில் 1912இல் தொடங்கிய செயின்ட் மைக்கல் போன்ற பழைய மிஷன் பள்ளிகள் இன்று அரசாங்க உதவியில் நடப்பவை. அங்கே தேசியப் பாடத்திட்டம். நம் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி. நான் பேசுவது கட்டணம் வாங்கி நடத்தும், ஜெபக் கூட்டமும் பைபிள் வாசிப்பும் உள்ள தனியார் பள்ளிகளைப் பற்றி.

பெரியவர்களின் பயம் தெரிந்ததுதான்: பிள்ளை மாறிவிடுமோ? பொறியியல் மாணவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜெபக் கூட்டம் வாரம் அரை மணி நேரம், வருஷத்துக்கு 40 வாரம், முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் படிவம் வரை 11 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 220 மணி நேரம். வீட்டில் வாரம் ஒரு மணி நேரம் தேவாரம், புராணக் கதை, பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் என்று உட்கார்ந்தால் அதே 11 வருஷத்தில் 572 மணி நேரம். அப்படியானால் 220ஐப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. நம் பக்கம் பூஜ்யமாக இருந்தால்தான் பயப்படணும்.

அந்தப் பூஜ்யம் எப்படி வருகிறது? கட்டணம் மாதம் 1,000 ரிங்கிட் என்றே வைத்தாலும் 11 வருஷத்துக்கு 132,000 ரிங்கிட். தோட்டத்தை விட்டு வெளியே வந்து ஒன்றிரண்டு தலைமுறையே ஆன குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. அப்பா ஓவர்டைம் செய்கிறார், அம்மா சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறார். பிள்ளையோடு உட்கார வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தை விற்றுத்தான் கட்டணம் கட்டுகிறோம். உண்மையான செலவு அதுதான்.

பள்ளியைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அவர்கள் தங்கள் நோக்கத்தை மறைக்கவில்லை. நம் கோயிலில் அன்னதானம் சாப்பிட வந்தவர், ஏன் தேவாரம் பாடுகிறீர்கள் என்று கோபப்பட்டால் நமக்கு எப்படி இருக்கும்? இந்த நாட்டில் தமிழ்க் கல்வியே 1816இல் பினாங்கில் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பள்ளியில்தான் ஆரம்பித்தது. அந்த நன்றியை மறக்கக் கூடாது.

ஆனால் நன்றி வேறு, பொறுப்பு வேறு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் முடிவு செய்வார் என்கிறது நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு. சட்டம் கொடுத்த அந்தப் பொறுப்பைக் கட்டண ரசீதோடு பள்ளியிடம் ஒப்படைத்துவிட முடியாது.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை நினைத்துப் பாருங்கள். அவர் மெதடிஸ்ட் மிஷன் பள்ளியில் படித்தவர், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்க பேர்சிவல் பாதிரியாருக்கு உதவியவர். அவர்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளி அவரைக் கரைத்துவிடவில்லை. பள்ளி நடத்தும் முறையைக் கற்றுக் கொடுத்தது. சொந்த சமயத்தில் வேர் பிடித்திருந்ததால் கற்றதை நமக்காகப் பயன்படுத்த அவரால் முடிந்தது.

ஆகவே என் பதில் இது. கட்டணம் கட்டிய பிறகும் பிள்ளைக்குக் கொடுக்க வாரம் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தால், தாராளமாகச் சேர்க்கலாம். மிச்சம் இல்லையென்றால், அந்தப் பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நமக்கு விலை அதிகம். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிட்டு, சாயங்காலம் பிள்ளையோடு உட்காருவது மேல்.

இன்னும் பெற்றோர் ஆகாத நமக்கும் இதில் வேலை இருக்கிறது. ஓவர்டைம் செய்யும் அந்த அப்பா அம்மாவுக்காக, ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுக்க நம்மில் எத்தனை பேர் தயார்? அந்த ஒரு மணி நேரத்தை நாம் இப்பவே கொடுக்கலாம்.