எந்த ஒளியால் காண்கிறோம்?

ஜனக மன்னர் ஒருமுறை யாஜ்ஞவல்கிய முனிவரிடம், மனிதன் எந்த ஒளியின் துணையால் நடமாடுகிறான், தொழில் புரிகிறான், வீடு திரும்புகிறான் என்று கேட்டார். கதிரவனின் ஒளியால் என்றார் முனிவர். கதிரவன் மறைந்தபின்? சந்திரனால். சந்திரனும் மறைந்தால்? அக்கினியால். அக்கினியும் அவிந்துவிட்டால்? அப்போது பேச்சே ஒளி என்கிறார் முனிவர். தன் கையே தனக்குத் தெரியாத இருளிலும் குரல் எழும் திசையை நோக்கி மனிதன் சென்றுவிடுகிறான் அல்லவா?

பிருஹதாரண்யக உபநிஷதத்தின் இந்தப் பகுதியைப் பலமுறை வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். ‘பேச்சு’ என்ற படியை மட்டும் விரைவாகத் தாண்டி, இறுதி விடையான ஆன்ம ஒளிக்குப் போய்விடுவதே என் வழக்கமாக இருந்தது.

2008-ஆம் ஆண்டு நவம்பரில் டார்ஜிலிங் சென்றிருந்தபோது, கொல்கத்தாவில் பணிபுரியும் தமிழ் இளைஞர் ஒருவர் உடன் வந்தார். டைகர் ஹில் சிகரத்திலிருந்து சூரிய உதயத்தைப் படம் எடுக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். பெரும்பாலோர் ஜீப்பில்தான் செல்வார்கள். நாங்கள் நடந்து போவதென்று முடிவு செய்து, அதிகாலை மூன்றரை மணிக்குக் கூம் என்ற ஊரிலிருந்து புறப்பட்டோம். கூம் ரயில் நிலையமே 2,258 மீட்டர் உயரத்தில் உள்ளது. டைகர் ஹில் ஏறத்தாழ 2,590 மீட்டர். காட்டு வழி, கடுங்குளிர். என் வயதுக்கு அது சற்று அதிகப்படியான ஆசைதான்.

வழியில் அவர் தம் தாயாரைப் பற்றிச் சொன்னார். கண் அழுத்த நோய். ஓரப் பார்வை முழுவதும் போய்விட்டது. நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் தெரிகிறது. இழந்த பார்வை திரும்பாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். அந்த வட்டமும் மூடிக்கொள்வதற்குள் இமயத்தின் விடியலைப் பெரிய படமாக்கி அவர் முன் வைக்க வேண்டும்.

“அம்மாவுக்கு நான் என்ன ஆறுதல் சொல்வது, சுவாமிஜி?” என்று கேட்டார்.

கண் ஒரு கருவி மட்டுமே, அது மங்கினாலும் மங்குவதை அறிகின்ற சாட்சி மங்குவதில்லை, காண்பவனின் காட்சிக்கு அழிவே இல்லை என்று உபநிஷதம் கூறுகிறது என்றேன். சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அதன்பின் அவர் வெகுதூரம் பேசாமலே நடந்தார்.

உச்சியில் பெருங்கூட்டம். எல்லோரும் கிழக்கையே நோக்கி நின்றார்கள். இளைஞரும் முக்காலியை நிறுத்தி, கீழ்வானத்தின் ஒவ்வொரு நிற மாற்றத்தையும் படம்பிடித்துக்கொண்டிருந்தார். டைகர் ஹில்லில் முதல் ஒளி கிழக்கில் காணக் கிடைப்பதன்று. வடக்கே, 70 கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்கும் காஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர் உயரமுடையது. நம் கண்ணுக்குக் கதிரவன் தெரிவதற்குச் சில நிமிடங்கள் முன்பே அதன் முடி ஒளியைப் பெற்றுவிடும். நான் அவர் தோளைத் தொட்டு வடக்கே காட்டினேன். முடியின் நுனியில் மட்டும் இளஞ்சிவப்பு. அவர் பதறிக் காமிராவைத் திருப்பினார், அது இயங்கவில்லை. குளிரில் பாட்டரி சக்தி இழந்துவிட்டிருந்தது.

அப்போது அவரது கைப்பேசி ஒலித்தது. தாயார் விழித்துக் காத்திருந்திருக்கிறார். அருகில் நின்ற எனக்கும் அவர் குரல் கேட்டது.

“விடிந்ததா, கண்ணா? பார்த்தாயா?”

“பாட்டரி தீர்ந்துவிட்டது, அம்மா. முக்கியமான நேரத்தில் படம் எடுக்க முடியவில்லை.”

“படத்தையா கேட்டேன்? நீ பார்த்தாயா?”

அவர் விடை சொல்லவில்லை. முக்காலியை விட்டு இரண்டடி விலகி வந்து மலையை நோக்கினார்.

“இப்போதுதான் பார்க்கிறேன், அம்மா.”

“என்ன தெரிகிறது, சொல்.”

அவர் சொல்லத் தொடங்கினார். முதலில் தடுமாற்றம்; சிவப்பு என்றார், பிறகு அது சிவப்பில்லை, ரோஜா இதழின் அடிப்பக்கம் போல என்றார். ஒளி முடியிலிருந்து மெல்ல இறங்குகிறது, இப்போது பக்கத்துச் சிகரத்தையும் தொட்டுவிட்டது, பள்ளத்தாக்குகள் இன்னும் நீலமாகவே இருக்கின்றன என்றார். நான் அதுவரை கவனிக்காதவற்றை அவர் சொல்லச் சொல்லத்தான் கண்டேன்.

யாஜ்ஞவல்கியர் அந்தப் படியை ஏன் வைத்தார் என்று அங்கே நிற்கையில் தோன்றியது. கதிரும் மதியும் தீயும் விலகியபின், ஆன்ம ஒளிக்கு முன்னால், ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கக்கூடியதாக எஞ்சுவது குரல் ஒன்றுதான். நான் காட்டு வழியில் அவருக்கு முடிவை மட்டும் கொடுத்தேன். அவர் தம் தாயாருக்கு வழியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கதிரவன் எழுந்ததும் கூட்டம் ஆரவாரித்தது. ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து மலையை மறைத்தது.

“மூடிவிட்டது, அம்மா” என்றார் இளைஞர்.

“இருக்கட்டும். முதலிலிருந்து இன்னொரு முறை சொல்.”

வெண்மேகத்தையே பார்த்தபடி அவர் மறுபடி தொடங்கினார்.