தூங்கியவர் மீது குற்றமா?

பகலுணவுக்குப் பின் சிறிது கண்ணயர்வதைச் சிலர் சோம்பலென்று எண்ணுகிறார்கள். அது சரியன்று. கைலூலா எனப்படும் இந்நடுப்பகல் உறக்கம் ஸஹாபாக்களின் வழக்கம். ஜும்ஆ நாளில் தொழுகை முடிந்த பிறகே தாங்கள் உண்டு உறங்கியதாக ஸஹ்ல் இப்னு ஸஅது (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது.

தொல்லை எழுவதில்தான். அஸர் ஜமாஅத் தவறி, வெயில் மஞ்சளித்த பின் எழுந்து, "தூங்குபவன் மீது குற்றமில்லையே" என்பார்கள். அதற்கு ஆதாரமும் காட்டுவார்கள். ஹிஜ்ரி 7-இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில், நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் இரவு நெடுநேரம் பிரயாணம் செய்து களைத்து இறங்கினார்கள். ஸுப்ஹுக்கு எழுப்பும் பொறுப்பைப் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அவரும் இயன்றமட்டும் தொழுதுவிட்டு, கிழக்கு வெளுப்பதை நோக்கியபடி தம் ஒட்டகத்தின் மீது சாய்ந்தார், கண் மூடிவிட்டது. வெயில் சுட்ட பிறகே எழுந்தார்கள். அங்கிருந்து சற்று நகர்ந்து, ஒளுச் செய்து ஜமாஅத்தாகத் தொழுதார்கள்.

இதில் நாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். படுக்குமுன் ஆள் வைத்தார்கள் என்பது மறுபாதி. உறக்கத்தில் அலட்சியமில்லை, விழிப்பில்தான் அலட்சியம் உண்டு என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூ கதாதா (ரலி) வாயிலாக முஸ்லிமில் வந்திருக்கிறது. ஆக, நம்மிடம் கேட்கப்படுவது தலையணையில் தலை வைப்பதற்கு முந்திய நிமிடத்தைப் பற்றி. மணி பார்த்தோமா? கைப்பேசியில் அலாரம் வைத்தோமா? வயிறு புடைக்க உண்டுவிட்டு, "பாங்கு கேட்டால் எழுந்துவிடுவோம்" என்று படுப்பது ஏற்பாடாகாது.

20 நிமிடத்துக்குள் எழுந்தால் உடல் லேசாக இருக்கும். முக்கால் மணி போனால் உறக்கம் ஆழ்ந்து, எழுப்பும்போது தலை கனத்து, எழுப்பியவர் மீதே எரிச்சல் வரும். நம் வீடுகளில் அந்த எரிச்சலைத் தாங்குபவர் பெரும்பாலும் மனைவி. "எழுப்பு" என்று சொன்னவரே சீறுகிறார், மறுநாள் அவர் எழுப்பத் தயங்கினால், "ஏன் எழுப்பவில்லை?" என்று அதற்கும் சீறுகிறார்! பிலால் (ரலி) தவறவிட்டபோது அவரை யாரும் ஏசவில்லை என்பதை இவர்கள் நினைப்பதில்லை.

"பாவம், அசந்து தூங்குகிறான்" என்று மகனை விட்டுவிடும் தாயின் இரக்கம் புரிகிறது. ஆனால் எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்தவன் ஓர் அமானிதத்தை ஒப்படைத்திருக்கிறான். காய்ச்சலில் கிடப்பவனையும் மெதுவாகத் தட்டி, நேரத்தைச் சொல்லலாம். உட்கார்ந்தோ படுத்தோ தொழ அவனுக்குச் சலுகை இருக்கிறது.

பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அஸர் நெருங்கிவிடும் அந்தப் பெண்மணிக்கும் கைலூலா உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு, கடிகாரத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம்.