உறுதியும் கடினமும் ஒன்றா?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தார்ரோட்டில் பல வருஷம் சைக்கிள் மிதித்த நான், இப்போது மவுன்டன் பைக்கில் கேப்பர் மலைச் செம்மண் தடத்தில் ஏறுகிறேன். தார்ரோட்டில் டயர் கல்லு மாதிரி இருந்தால்தான் வேகம். சரளையில் அதே டயர் வழுக்கும். காத்தைக் கொஞ்சம் இறக்கினால்தான் மண்ணைப் பிடிக்கும். முழுக்க இறக்கினாலோ ரிம் அடிவாங்கும்.

விசுவாசத்தில் உறுதி என்றால் எல்லாரிடமும் கடினமாயிருப்பதா? சத்தியம் மாறாது, ஆமென்! ஆனால் குடியால் நொறுங்கின வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவன், கண்டிப்பைக் கொஞ்சம் இறக்காவிட்டால் அந்த ஆத்துமாவை ஆதாயப்படுத்த முடியுமா? சமாரிய ஸ்திரீயிடம் ஆண்டவர் முதலில் தண்ணீர்தான் கேட்டார், பிறகுதான் அவள் வாழ்க்கையைப் பேசினார், பேசாமல் விடவுமில்லை. தேவ ஜனமே, சத்தியத்தில் உறுதியாயிருங்கள், ஜனங்களிடத்தில் இளகியிருங்கள். அல்லேலூயா!