படகைக் கட்டுவதும் தவக்குல்தான்



கனடா நாட்டின் கீழ்க்கரையில் ஃபண்டி விரிகுடா என்றொரு கடற்பகுதி உண்டு. உலகிலேயே கடல் மிக அதிகமாக ஏறி வற்றும் இடம் அது. அதன் தலைப்பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை வித்தியாசம் காணும். அந்தக் கரையோரமாகக் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் பயணம் செய்வோர் இரவில் கரையில் தங்குகிறார்கள். அவர்கள் கற்கும் பாடம் நமக்கும் உரியது.

கடல் சுமார் ஆறு மணி நேரம் ஏறும். ஆறு மணி நேரம் வற்றும். ஆனால் ஒரே சீராக ஏறாது. மொத்தம் 12 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். முதல் மணியில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இரண்டாம் மணியில் இரண்டு. மூன்றாம், நான்காம் மணிகளிலோ மும்மூன்று மீட்டர்! பிறகு இரண்டு, ஒன்று என்று தணியும். முதல் மணியின் நிதானத்தைக் கண்டு, “இன்னும் நேரம் இருக்கிறது” என்று படகை மணலில் விட்டுவிட்டு உட்கார்ந்தவன் கதி என்ன? படகு போய்விடும். பின்னால் செங்குத்துப் பாறை, முன்னால் கடல்!

ஆகவே விவரம் தெரிந்தவர்கள், கரையேறிய உடனேயே, களைப்பைப் பாராமல், பாசி ஒதுங்கிய கோட்டுக்கும் மேலே படகை இழுத்துக் கட்டுகிறார்கள். பிறையையும் பார்க்கிறார்கள். தலைப்பிறையையும் முழுநிலவையும் ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெருகும். பிறை 10இல் பாசி ஒதுங்கிய கோட்டைப் பிறை 15இன் கடல் தாண்டிவிடும். பிறைகள் மனிதருக்குக் காலம் காட்டுபவை என்று அல்லாஹ் திருமறையில் அறிவிக்கிறான். அந்தக் கணக்குக்குக் கடலும் கட்டுப்பட்டு நடக்கிறது!

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டும்படியும், பிறகு நம்பும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். கட்டாமல் விடுவது தவக்குல் அல்ல, சோம்பல்!

நமது இளமையும் அந்த முதல் மணியைப் போன்றதே. களாவான தொழுகை நிற்கிறது. மனைவிக்குரிய மஹர் பாக்கி நிற்கிறது. வாங்கிய கடன் எழுதிவைக்கப்படாமல் நிற்கிறது. “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறோம். நோயும் முதுமையும் சொல்லிவிட்டு வருவதில்லை. நாம் போன பின் அந்தக் கடனுக்காக வாசலில் தலைகுனிந்து நிற்பவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா?

தண்ணீர் கணுக்காலில் இருக்கும்போதே நம் படகைக் கட்டிக்கொள்வோமாக! வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த நற்பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.